தரை தொடாத பந்து

பாதி மேனியைப் பகிர்ந்துமைக் கீந்தும்
பாதியும் குறையாப் பரமே, கொடுத்தலே
உருவாய் நின்ற ஒருவா, என்சொல்
பெருமை பேசாது பிழையறத் தருகவே.

அன்பு மகன் நடேசனுக்கு, ரிஷிவந்தியத்திலிருந்து அப்பா எழுதுவது. போன ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், இலையில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். வடக்கே ஒரு பெரிய பல்கலைக்கழகம் தன் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சியாளராக உன்னை அழைக்கிறது. மருமகள் கயல்விழி அதே ஊரில்தான் மத்திய அரசு வேலையில் இருக்கிறாள். பேத்தி அங்கேதான் பள்ளிக்குப் போகிறாள். நீ மட்டும் இங்கே நம் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டு, பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் ரயிலேறிப் போய் விருந்தாளியைப் போல மகளைப் பார்த்துவிட்டு வருகிறாய். கார்த்திகைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். "போவட்டுமாப்பா?" என்றாய். இலையை மடித்துவிட்டு எழுந்து, பூசையறைக்குள் போய், ஏற்றியிருந்த விளக்கின் திரியையே மறுபடியும் தூண்டிக்கொண்டிருந்தேன். நீ செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிய ஓசை கேட்டது. உன் அம்மா அடுக்களையிலிருந்து, "சாமிய அப்பறம் பாத்துக்கலாம், புள்ள கேட்டதுக்கு இன்னா சொன்னீங்க?" என்றாள். அவளுக்கும் அன்று விடை கிடைக்கவில்லை. உனக்கும் அவளுக்கும் சேர்த்து இப்போது எழுதுகிறேன். நம் அணியில் ஆடிய எவர் கைக்கு இது போனாலும் படிக்கட்டும். மறைக்க வேண்டியது இதில் ஒன்றுமில்லை.

நீ போகத் தயங்குவதன் காரணம் எனக்குத் தெரியும். "கோப்பையக் கொண்டாராம எங்கயும் போவ மாட்டேன்" என்று நீ எத்தனையோ பேரிடம் சொன்னது என் காதுக்கும் வந்திருக்கிறது. பல்கலைக்கழகங்களுக்கான அந்த அகில இந்தியக் கோப்பை நம் அணிக்கு ஏன் கிடைக்கவில்லை என்ற வரலாறு உன்னைவிட எனக்குச் சற்று முன்பிருந்தே தெரியும். கூடைப்பந்தில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்பதுகூடத் தெரியாத காலத்திலேயே நான் அந்த அணிக்கு மேலாளராகப் போனவன். வெளியூர் போகும் அணியுடன் பேராசிரியர் ஒருவர் மேலாளராகப் போக வேண்டும் என்பது விதி. மற்றத் துறைக்காரர்களுக்குச் செய்முறைத் தேர்வும் ஆய்வுக்கூடமும் இருந்தன. தமிழ்த்துறைக்காரனுக்குப் பாட்டைத் தவிர வேலையில்லை என்று முதல்வர் என் பெயரை எழுதிவிட்டார். நெற்றியில் நீறும் தோளில் துண்டுமாக நான் மைதானத்துக்குப் போய் நின்றபோது, பையன்கள் தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள். அணித்தலைவன் எலவனாசூர்கோட்டைக் கலியன் மட்டும் பணிவாக, "சார், நீங்க வந்தது நல்லதாப் போச்சி. தோத்தா தேவாரம் பாடி தேத்திவுடலாம்" என்றான்.

மலையடிவாரத்தில் இருந்த எங்கள் கல்லூரி மைதானத்தில்தான் பல்கலைக்கழக அணியின் பயிற்சி முகாம் நடந்தது. சுற்று வட்டாரத்தில் பரப்பான சிமெண்டுத் தரை அது ஒன்றுதான். ஆகையால் அறுவடை முடிந்ததும் மக்காச்சோளம் அங்கேதான் காயும். கேட்பதற்கு ஆளில்லை, கேட்டாலும் கொடுப்பதற்கு விடையில்லை. சோளத்துக்குக் காவலாக அஞ்சலை என்ற பெண் தலையில் முக்காடும் கையில் துடைப்பமுமாக உட்கார்ந்திருப்பாள். பையன்கள் பந்தைத் தரையில் தட்டினால் மணி தெறிக்கும். "யோவ், இன்னா இது? ஒரு படி சோளம் போச்சின்னா உங்க வாத்தியாரா குடுப்பாரு? ஆடறதுன்னா ஆகாசத்துலயே ஆடிக்கோங்க!" என்று அவள் கத்துவாள். கலியன், "ஆகாசத்துல ஆடறதுக்கு நாங்க இன்னா காக்காவா அக்கா?" என்பான். "காக்காவா இருந்தா வெரட்டிடுவேனே, நீங்க அதுக்கும் மேல கீறீங்களே" என்பாள். சிரித்துக்கொண்டே அவர்கள் ஆகாயத்தில் ஆடக் கற்றுக்கொண்டார்கள். பந்து ஒருவன் கையிலிருந்து அடுத்தவன் கைக்குப் போகும், தரையைத் தொடாது. சோளத்தின் ஓரத்தில் கால் வைக்க இடம் பார்த்துக் குனிந்திருப்பவனுக்கு யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாதல்லவா? அதனால் பந்து வேண்டுபவன் குரல் கொடுக்க வேண்டும் என்று ஒரு முறை வந்தது. மலையிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளைகள், ஒரு சரிவிலிருந்து எதிர்ச்சரிவுக்குக் கூப்பிடும் "ஓ...ஓய்" என்ற நீண்ட குரலையே அதற்கு வைத்துக்கொண்டார்கள். கூப்பிட்டவனுக்குப் பந்து; முகம் பார்க்க வேண்டியதில்லை. நம் அணியின் சாத்திரம் அவ்வளவுதான். உற்சவத்தில் சுவாமி தூக்குவோர் தோள் மாற்றிக்கொள்வதை நீயும் பார்த்திருக்கிறாய். களைத்தவன் விலக, அடுத்தவன் "வந்தேன்" என்று சொல்லித் தோள் கொடுப்பான். பெருமானோ தரையில் இறங்குவதேயில்லை. அந்தக் காட்சி நினைவுக்கு வந்த நாளில்தான் இந்த ஆட்டம் எனக்குப் புரிந்தது.

தென்மண்டலப் போட்டியில் முதல் நான்கு இடங்களுக்குள் வந்து, முதன்முறையாக நாங்கள் அகில இந்தியப் போட்டிக்குப் போனோம். அங்கே எங்களுக்கு நேர்ந்ததை ஊரில் நகைச்சுவையாகச் சொல்வார்கள். அதன் மூலகாரணம் நான்தான் என்பதைப் பையன்கள் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. அதுவரை மண்ணிலும் சிமெண்டிலும் ஆடியவர்கள் நாங்கள். வடநாட்டு நகரத்து உள்ளரங்கில் மரத்தரை. மெருகேற்றிய அந்தத் தரையில் விளக்குகளின் ஒளி விழுந்து, அபிடேகம் முடிந்த கருங்கல் மண்டபத்தைப் போல மின்னியது. வாசலில் நின்ற நான் என்னையறியாமல் செருப்பைக் கழற்றினேன். எனக்குப் பின்னால் வந்த கலியன் தன் காலணியைக் கழற்றினான். அவனைப் பார்த்து மற்ற எல்லாரும் கழற்றினார்கள். வலக்கையால் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வெறுங்காலோடு உள்ளே போய் வரிசையாக நின்றோம். நடுவர் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் காலைப் பார்த்தார். காலணியில்லாமல் ஆடக்கூடாது என்றார். ஓடிப்போய்ப் பார்த்தால் வாசலில் ஒன்றையும் காணோம். குப்பை என்று எண்ணிய துப்புரவுப் பணியாளர் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டி மூலையில் வைத்திருந்தார். ஆளுக்கொரு சோடி கையில் அகப்பட்டதே தவிர, எவருடையது எவர் காலில் என்று பார்க்க நேரமில்லை. எதிரணியின் பேச்சு எங்களுக்குப் புரியவில்லை. சிரிப்பு நன்றாகப் புரிந்தது. இறுக்கமான காலணியில் கலியன் நொண்டி நொண்டி ஆடினான். படுதோல்வி. திரும்பும் ரயில் விசயவாடா தாண்டியபிறகு கலியன் மெல்ல, "சார், அடுத்த வருசம் கற்பூரம் எடுத்துக்கினு போயிடலாம் சார். தோக்கறதுக்கு முன்னாடி ஒரு தீபாராதன காட்டிட்டு தோக்கலாம்" என்றான். பெட்டியே குலுங்கியது. நானும் சிரித்தேன், சிரித்தபோது கண்ணில் நீர் வந்ததை அவர்கள் பார்த்தும் பாராததுபோல இருந்தார்கள். தோற்றவன் இன்னொருவனைச் சிரிக்க வைப்பது பெரிய அறம், மகனே. அதை எனக்குக் கற்றுத் தந்தது ஏடுகள் அல்ல.

அன்றிலிருந்து நம் அணி தரையைத் தொட்டு வணங்கிய பிறகே ஆடுகிறது. காலணியைக் கழற்றாமல் வணங்குவது மட்டும்தான் மாற்றம். அடுத்துப் போனபோது காலிறுதிவரை சென்றோம். பந்தைத் தட்டாத அணியை எப்படி மறிப்பது என்று எதிரிகளுக்குப் பிடிபடவில்லை. உயரம் மிகுந்த ஓர் அணிதான் எங்களை நிறுத்தியது. அந்தப் பெருமையில் கல்லூரி நிர்வாகம் ஆடுகளத்துக்குக் கம்பிவேலி போட்டுக் கதவுக்குப் பூட்டும் போட்டது. சோளம் வெளியே போனது. களம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. பையன்கள் ஊரில் எல்லாரையும் போலப் பந்தைத் தட்டித் தட்டி ஓடக் கற்றுக்கொண்டு, எல்லாரையும் போலத் தோற்றார்கள். வேலி இருந்த ஆண்டுகள் முழுவதும் மண்டலத்தைத் தாண்டவில்லை. பிறகு ஒரு புயலில் வேலி சாய்ந்தது; அஞ்சலை கேட்காமலேயே சோளத்தோடு திரும்பி வந்தாள்; அணியும் திரும்பி வந்தது. "நானு இல்லாம இன்னாத்த கிழிச்சீங்க?" என்று அவள் உடற்கல்வி இயக்குநரிடமே கேட்டாள். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் பரப்பிப் போடுமா" என்றார். அதற்குப் பின் அரையிறுதி கண்டோம். குறை எங்கே வந்து சேர்கிறதோ அங்கேதான் அருளும் வந்து உட்காருகிறது என்பதை நான் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். நம்பிச் சொன்னது அதற்குப் பிறகுதான்.

இனி உன் காலம். நீயும் கல்வராயன் மலைச் சடையனும் ஒரே ஆண்டில் அணிக்குள் வந்தீர்கள். நீ வலப்பக்கம், அவன் வளையத்தின் கீழ். அவன் கூப்பிட நீ கொடுக்க, இந்த மாவட்டம் கண்டிராத ஆட்டம் அது. இறுதிப் போட்டிவரை போன ஒரே ஆண்டு அதுதான். அரங்கின் மேல்வரிசையில் நான் உருத்திராட்சத்தைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தேன். ஒரே புள்ளியில் பின்தங்கியிருக்கிறோம், நேரம் முடியப்போகிறது, பந்து உன் கையில். சடையன் வளையத்தின் கீழ் தனியாக நின்றான். அவனைச் சுற்றி ஒருவரும் இல்லை என்பது எனக்கே தெரிந்தது. நீ அந்தப் பக்கம் ஒருகணம் பார்த்தாய். பிறகு பந்தை ஒருமுறை தரையில் தட்டினாய். அந்த ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது. நீயே எழும்பி எறிந்தாய். பந்து வளையத்தின் விளிம்பைச் சுற்றி வெளியே விழுந்தது.

ஊருக்கு வந்தபின் உன்னை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. அதுவே உனக்குக் கடினமாக இருந்தது என்பதை அறிவேன். திருக்கோவிலூருக்குப் போகும் பேருந்தில் ஒருநாள், நான் கேளாமலேயே, சன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "அவன் கூப்ட்டிருப்பான்பா. எனக்குக் கேக்கல. இல்ல, கேட்டும் கேக்காத மாதிரி இருந்துட்டனோ என்னமோ." நான் உன் தோளில் கைவைத்ததோடு சரி. பிறகு நீ அதே அணிக்குப் பயிற்சியாளனானாய். வேறு அழைப்புகள் வந்தபோதெல்லாம் மறுத்தாய். மணம் முடித்தாய், மகள் பிறந்தாள், கயல்விழிக்கு வடக்கே வேலை வந்தது; அப்போதும் நீ நகரவில்லை. பிறர் இதைப் பற்று என்றார்கள். நானும் அப்படித்தான் சொல்லிப் பெருமைப்பட்டேன். ஆனால் பற்றுள்ளவன் முகம் மலர்ந்திருக்கும். தண்டனையை அனுபவிப்பவன் முகம்தான் உன் முகத்தைப் போல இருக்கும்.

உனக்கு விடை சொல்லாமல் எழுந்து போனேனே, அந்த வாரமே நான் கள்ளக்குறிச்சி போய் வெள்ளிமலைப் பேருந்தில் ஏறினேன். உன் அம்மா, "இந்த முட்டியோட மலைக்கா?" என்று கேட்டதோடு ஒரு தூக்கில் புளிச்சோறும் கட்டிக்கொடுத்தாள். சடையன் இப்போது மலைமேல் உண்டு உறைவிடப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியன் என்பது உனக்குத் தெரியும். உன் முகாமுக்கு ஆண்டுதோறும் இறங்கிவந்து உதவுகிறவனும் அவன்தான். மண்தரையில் சுண்ணாம்புக்கோடு போட்டுக்கொண்டிருந்தவன் என்னைக் கண்டதும் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தான். "இன்னா ஐயா இது, ஒரு போன் பண்ணா நானே எறங்கி வந்திருப்பேனே! வூட்டுல அம்மா நல்லாகீறாங்களா?" என்றான். "போன்ல கேக்கற கேள்வி இல்லப்பா" என்றேன். பலாமரத்தடியில் பெஞ்சு போட்டு உட்காரவைத்தான். தூக்கைத் திறந்ததும், "அம்மா கைப் புளிச்சோறா! இதுக்காகவே ரெண்டு தடவ அணியில சேரலாம்" என்றான். சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்டேன்: "சடையா, அன்னிக்கி கடைசி நேரத்துல நீ கூப்ட்டியா?"

எந்த அன்றைக்கு என்று அவன் கேட்கவில்லை. தூக்கின் மூடியைப் போட்டான், எடுத்தான், மறுபடி போட்டான்.

"இல்லீங்கய்யா."

"கூப்பிடலையா?"

"வாயத் தொறந்தேங்க. சத்தம் வர்ல. அம்மாம் பெரிய அரங்கு, அம்மாம் சனம். ஒருத்தனும் பக்கத்துல இல்ல. பந்து வந்து நான் வுட்டுட்டேன்னா இன்னா பண்றதுன்னு பயந்துட்டேன். நடேசு என்னத்தான் பாத்தான். நானு தலயக் குனிஞ்சிக்கினேன்."

"இதை ஏம்பா அவன்கிட்ட சொல்லல?"

"அவனுக்குத் தெரியும்னுதான்யா நெனச்சிக்கினு கீறேன்! கண்ணுக்குக் கண்ணு பாத்தானே. என்னக் காட்டிக் குடுக்காம பெரிய மனசா மறச்சிக்கினு கீறான்னு நெனச்சேன். அதுக்குத்தான் வருசா வருசம் அவன் முகாமுக்கு எறங்கி வர்றேன்." பிறகு என் முகத்தைப் பார்த்தான். "ஏன்யா, அவன் இன்னா நெனச்சிக்கினு கீறான்?"

நீ பேருந்தில் சொன்னதைச் சொன்னேன். சடையன் எழுந்து சற்றுத் தூரம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். "அடப்பாவி, அடப்பாவி" என்று அவன் சொன்னது உன்னையா தன்னையா என்று எனக்குத் தெரியவில்லை. இருவரையும் சேர்த்துத்தான் இருக்க வேண்டும். திரும்பி வந்து, "ஐயா, இத அவன்கிட்ட சொல்லிடுங்க. ஊருக்கே சொன்னாலும் சரி" என்றான்.

மகனே, நீ கேளாத குரல் என்று ஒன்று இல்லவே இல்லை. உனக்கு முன்னே இருந்தது ஒரு குனிந்த தலை. கூப்பிடாதவனுக்குப் பந்தைக் கொடுப்பது நம் முறையில் கிடையாது. நீ அன்று செய்யக்கூடியதைச் செய்தாய். பந்து விளிம்பில் போனது. ஆட்டத்தில் பந்து அப்படியும் போகும். ஒருவன் தன் அச்சத்தை மறைத்தான், மற்றவன் இல்லாத குற்றத்தைச் சுமந்தான். இருவரும் ஒருவர்மேல் ஒருவர் வைத்த அன்பினாலேயே இத்தனை ஆண்டுகள் வாய் திறக்கவில்லை. அன்பு பேசாமல் இருந்தால் அதுவும் துன்பமாகவே முடிகிறது. இதை எழுதும்போது என் கை நிற்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை நீ என் முகத்தைப் பார்த்தபோது தலையைக் குனிந்துகொண்டு பூசையறைக்குள் போனவன் நான்தானே? மூப்பு வந்துவிட்டது, முட்டி வலிக்கிறது, மகன் அழைத்தால் வருகிற தூரத்தில் இருக்கட்டும் என்ற அச்சம்தான் என் வாயை அடைத்தது. விளக்கின் திரிக்கு ஒரு குறையும் இல்லை.

இன்னும் ஒன்று நடந்தது. உனக்கு வந்திருக்கும் அழைப்பைப் பற்றி நான் சடையனிடம் சொன்னேன். வேறெதுவும் கேட்கவில்லை; கேட்பதற்காகப் போகவும் இல்லை. "அணிய யாரு பாத்துக்குவாங்க?" என்றான். "தெரியல" என்றேன். "வேத்தாளு வந்தா மொதல்ல சோளத்த வாரச் சொல்லுவான்யா" என்றான். பிறகு எழுந்து ஆடுகளத்தின் ஓரத்துக்குப் போனான். அதற்கப்பால் சரிவு, அதன் கீழே மஞ்சு, அதற்கும் கீழே நம் சமவெளி. வலக்கையைத் தலைக்குமேல் உயர்த்தினான். "ஓ...ஓய்!" என்று அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தான். எதிர்மலையில் பட்டு அது திரும்பி வந்தது. பள்ளியிலிருந்து பிள்ளைகளெல்லாம் சன்னலில் தலை நீட்டினார்கள். சடையன் கையை இறக்காமலேயே என்னிடம் திரும்பி, "இப்ப கூப்ட்டுட்டேன். அவன் காதுல போட்டுடுங்கய்யா" என்றான்.

போட்டுவிட்டேன். உடற்கல்வியில் முறைப்படி பட்டம் பெற்றவன் அவன்; உன் இடத்துக்கு அவனையே எடுக்கும்படி நீ துணைவேந்தரிடம் ஒரு வார்த்தை சொன்னால் மறுக்கமாட்டார்கள். கோப்பை வருமா என்பது இறைவன் கணக்கு. அது சடையன் காலத்தில் வரலாம், அவனுக்கும் பின்னால் வருபவன் காலத்தில் வரலாம். சுவாமியைத் தோள் மாற்றிக் கொடுத்தவன் உற்சவத்தை விட்டுப் போய்விட்டான் என்று எவரும் சொல்வதில்லை. நீ கேட்ட கேள்விக்கு என் விடை இது: போய் வா, மகனே. பந்து உன் கையில் நெடுநேரம் இருந்துவிட்டது. என் கையில் நீயும்.

அர்த்தநாரீசுவரர் சன்னதியில் உன் பெயருக்கும் சடையன் பெயருக்கும் சேர்த்தே அருச்சனை செய்து, திருநீற்றை இத்துடன் மடித்து வைத்திருக்கிறேன். புது வீட்டில் முதல் விளக்கைக் கயல்விழி ஏற்றட்டும். என் பேத்தி அப்பாவைக் கதவோரம் நின்று வரவேற்கும் விருந்தாளியாக எண்ணாமல், நாள்தோறும் சண்டை பிடிக்கும் உறவாகக் கண்டு வளரட்டும். உன் இல்லத்தில் அடுப்பும் சொல்லும் அணையாதிருக்கட்டும். நீ கால் வைக்கும் களம் எந்த ஊரில் இருந்தாலும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள், காலணியோடே போதும். இதைப் படிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்தம் வீட்டாருக்கும், கூப்பிடத் துணிவும் கூப்பிட்டவர்க்குக் கொடுக்க மனமும் எம்பெருமான் குறைவின்றி அருள்வானாக.